நூறாவது வீடு

பல்செட் செய்து பிழைக்கிறவர்களுக்கு ஒரு குணம் வந்துவிடும். யார் பேசினாலும் பேச்சைக் கேட்கமாட்டார்கள், வாயைப் பார்ப்பார்கள். இந்தக் கதையில் வரும் பல்செட்காரருக்கும் அந்தக் குணம் இருந்தது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வந்து உட்கார்ந்து, "மாப்ளே, உங்க வீட்டைத் திருடங்க கையில விழாம நான் காப்பாத்தப் போறேன்" என்று சொன்னபோது அந்தச் சொற்கள் அவர் மனத்தில் இறங்கவில்லை. மச்சானின் மேல் வரிசையில் தான் காசு வாங்காமல் கட்டிக் கொடுத்த பல் ஈறோடு நன்றாகப் பொருந்திவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்தார்.

மச்சான் வேலை பார்த்தது காவல் துறையில். சீருடை போடுகிற வேலையல்ல. சீருடைக்காரர்களுக்குப் படிவம் எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே 'பூட்டிய வீடு பாதுகாப்புப் பிரிவு' என்று ஒன்று புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். ஊருக்குப் போகிறவர்கள் இந்தப் பிரிவிடம் சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் திரும்பும்வரை வீட்டைப் பிரிவு பார்த்துக்கொள்ளும். தொடங்கி ஓராண்டு ஆகப்போகிறது. ஆண்டு விழாவுக்குள் நூறு வீடுகள் சேர்ந்தாக வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. தொண்ணூற்றொன்பது சேர்ந்துவிட்டன. நூறாவது வீட்டைக் கொண்டுவருகிறவருக்கு உதவி அலுவலர் பதவி என்று பிரிவுத் தலைவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். மச்சான் நகரமெல்லாம் அலைந்து செருப்பைத் தேய்த்தபின், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று தங்கை வீட்டுப் படியேறியிருந்தார்.

சமயமும் பொருத்தமாக இருந்தது. வெளியூரில் இருந்த மகளுக்குப் பிரசவ நேரம். புருஷனும் மனைவியுமாகப் பத்து நாள் போய் இருக்கப் போகிறார்கள்.

"நம்ம பூட்டே நல்லாத்தானே இருக்கு அண்ணா? எதிர் வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா பாத்துக்குவாங்க" என்றாள் மனைவி. அவள் தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தாள். பள்ளிச் சட்டைகளுக்குச் சின்னம் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். பேசும்போதும் கால் மிதித்துக்கொண்டிருந்தது.

"எதிர் வீட்ல சொல்றதும் ஒரு பிரிவுல சொல்றதும் ஒண்ணாம்மா? எதிர் வீட்டுக்காரங்க தூங்குவாங்க. பிரிவு தூங்காது."

பிரிவு தூங்குமா தூங்காதா என்பது பல்செட்காரருக்குத் தெரியாது. ஆனால் அச்சடித்த காகிதத்தின் மேல் அவருக்கு என்றைக்கும் ஒரு மரியாதை உண்டு. மச்சான் பையிலிருந்து எடுத்த படிவம் பதினான்கு பக்கம் இருந்தது. அதைக் கண்டதுமே பாதி வீடு பத்திரமாகிவிட்டதுபோல் அவருக்குத் தோன்றியது.

படிவம் எதையும் விட்டுவைக்கவில்லை. வீட்டில் எத்தனை அறை, எத்தனை சன்னல், எந்தச் சன்னலின் கொக்கி ஆடும் என்று கேட்டது. பொருட்களின் பட்டியல் கேட்டது. ஒவ்வொன்றும் எந்த அறையில், எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எதற்கு அடியில் இருக்கிறது என்று கேட்டது. எந்தத் தேதியில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், முன்கூட்டியே திரும்பும் எண்ணம் உண்டா, இருந்தால் பிரிவுக்குத் தெரிவிக்காமல் திரும்பமாட்டேன் என்று உறுதி அளிக்கிறீர்களா என்று கேட்டது. ஒன்பதாம் பக்கத்தில், 'நீங்கள் திருடனாக இருந்தால் இந்த வீட்டுக்குள் எப்படி நுழைவீர்கள்? படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும்' என்று இருந்தது.

பல்செட்காரர் அளவுகோலை எடுத்துவந்து கவனமாக வரைந்தார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் இரண்டு திருகில்தான் நிற்கிறது என்பதை அம்புக்குறி போட்டுக் காட்டினார்.

"இதைச் சரி பண்ணிரலாமா மச்சான்?"

"சரி பண்ணினா படிவத்தை மாத்தணும் மாப்ளே. அப்படியே இருக்கட்டும்."

பொருள் பட்டியல் போடும்போது ஓரிடத்தில் மனைவி தயங்கினாள். அலமாரியின் இரண்டாம் தட்டில், கம்பளிகளுக்கு அடியில், அவளுடைய அப்பாவின் கைக்கடிகாரம் இருந்தது. அப்பா நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்டியவர். நகரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் நேரம் அந்தக் கடிகாரத்தில்தான் இருந்தது. அவர் இறந்தபோது, "எங்கிட்ட இருந்தா தொலைச்சிடுவேன், நீயே வச்சுக்கோ" என்று தங்கையிடம் கொடுத்தவர் அண்ணன்தான். எப்போதாவது வரும்போது வாங்கிச் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

"அதை எழுத வேணாம் அண்ணா. அது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கட்டும்."

"பைத்தியமா நீ? அப்பா கடிகாரம்மா. அதைத்தான் முதல்ல எழுதணும்" என்று அண்ணன் பேனாவைப் பிடுங்கித் தன் கையாலேயே எழுதினார். இரண்டாம் தட்டு, கம்பளிக்கு அடியில், இடது மூலை. எழுதும்போது அவருக்குக் கண் கலங்கியது. அந்தக் கலக்கம் பொய்யில்லை. இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

கிளம்புகிற நாள் காலையில் பிரிவிலிருந்து இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். வாசலில் ஒரு பலகையை அடித்தார்கள். சாலையின் கோடியிலிருந்தே படிக்கும்படி எழுத்து பெரிதாக இருந்தது.

'இந்த வீட்டில் இன்று முதல் பத்து நாட்களுக்கு ஒருவரும் இல்லை. பிரிவின் கண்காணிப்பில் உள்ளது.'

பல்செட்காரர் அதை இரண்டு முறை படித்தார். "மச்சான், வீட்ல யாரும் இல்லைன்னு இப்படி ஊருக்கே..."

"திருடன் பயப்படணுமா வேணாமா?"

"பயப்படணும்."

"அவனுக்குத் தெரிஞ்சாத்தானே பயப்படுவான்?"

இதற்கு மறுமொழி இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஆனால் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அவர்களுடைய பழைய பூட்டைக் கழற்றிவிட்டுப் பிரிவின் பூட்டை மாட்டினார்கள். நூறு வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பூட்டு, ஒரே சாவி. ரோந்து போகிறவர் நூறு சாவியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது அல்லவா? அந்தச் சாவி தொலைந்துபோகாமல் இருக்க, அலுவலக வாசலிலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி ஓர் ஆணியில் தொங்கவிட்டிருப்பதாக மச்சான் பெருமையாகச் சொன்னார்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பத்து நாளும் அவர்களுக்கு வீட்டின் நினைப்பே வரவில்லை. மனைவி ஒரே ஒரு முறை, குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, "கொல்லைத் தாழ்ப்பாளை மாத்திட்டே வந்திருக்கலாம்" என்றாள். "பிரிவு இருக்கு" என்றார் கணவர். அவள் நூலைக் கடித்து அறுத்தாள்.

அவர்கள் திரும்பி வந்தது ஒரு நண்பகலில். பலகை கோணாமல் தொங்கியது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. மச்சான் கொடுத்து அனுப்பியிருந்த மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே நுழைந்த பல்செட்காரர், வேறு யார் வீட்டுக்குள்ளோ வந்துவிட்டோம் என்று ஒரு கணம் வெளியே வந்து கதவு எண்ணைப் பார்த்தார்.

கூடத்தில் ஒன்றுமில்லை. தையல் இயந்திரம் இருந்த இடத்தில் அதன் நான்கு கால்களும் தரையில் பதித்திருந்த பள்ளங்கள் மட்டும் இருந்தன. மின்விசிறி இருந்த இடத்தில் கொக்கி தொங்கியது. அடுக்களையில் கரண்டி மாட்டுகிற கம்பியைக்கூடக் கழற்றியிருந்தார்கள். வந்துபோனவர்கள் ஒழுக்கமானவர்களாக இருந்திருக்க வேண்டும், தரையைப் பெருக்கிக் குப்பையை ஒரு மூலையில் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். துடைப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மனைவி நேராகப் படுக்கையறைக்குப் போனாள். அலமாரியே இல்லை. அது நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெளுக்காமல் பழைய நிறத்தில் இருந்தது. அவள் அந்தச் சுவரில் இரண்டாம் தட்டு இருந்த உயரத்தில் கையை வைத்தாள்.

"ஏங்க, அண்ணனுக்கு எப்படிச் சொல்றது? உடைஞ்சு போயிடுவான்" என்றாள்.

அன்று பிற்பகலே இருவரும் பிரிவுக்குப் போனார்கள். வாசலில் ஆணி இருந்தது, சாவியும் இருந்தது. முன்மேசையில் ரோந்துக்காரர் இருந்தார். அவர்கள் தெருவைப் பார்த்துக்கொண்டது அவர்தான். மிகவும் நல்ல மனிதர். அவர்கள் சொன்னதைக் கேட்டு ஒரு துளியும் அதிர்ச்சி அடையவில்லை.

"தெரியும் சார். எல்லாம் பதிவேட்டுல இருக்கு. ஒண்ணு விடாம எழுதியிருக்கேன், பாருங்க."

பதிவேட்டைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினார். முத்துமுத்தான கையெழுத்து. ஆறாம் நாளுக்கு எதிரே இப்படி இருந்தது:

'முற்பகல் 11.00. வீடு பூட்டியிருக்கிறது. அமைதி நிலவுகிறது.

பிற்பகல் 1.00. வீடு திறந்திருக்கிறது. பிரிவின் சாவியாலேயே திறக்கப்பட்டிருப்பதால் தலையிடவில்லை.

1.20. மூவர் தையல் இயந்திரத்தை வெளியே கொண்டுவரச் சிரமப்பட்டனர். கதவு நிலைக்குச் சேதம் வராதபடி ஒரு பக்கம் பிடித்து உதவினேன்.

2.10. அலமாரி ஏற்றப்பட்டது. வண்டி எண் கேட்டேன். தர மறுத்தனர். மறுத்ததைப் பதிவு செய்கிறேன்.

3.00. வீடு பூட்டியிருக்கிறது. அமைதி நிலவுகிறது.'

பல்செட்காரர் அந்த வரிகளின் மேல் விரலை வைத்தார். "நீங்க... பாத்துக்கிட்டே இருந்தீங்களா?"

"கண்காணிப்புன்னா அதானே சார்?" ரோந்துக்காரரின் குரலில் வருத்தம் தட்டியது. "சில பேர் போகாமலே எழுதிடுவாங்க. நான் ஒரு நாள்கூடப் போகாம இருந்ததில்லை."

பிரிவுத் தலைவரின் அறைக்கு அவர்களை அழைத்துப் போனார்கள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலியைத் தானே நகர்த்திப் போட்டார். டீ சொன்னார். நடந்ததை முழுவதும் கண்ணை மூடிக் கேட்டார்.

"உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா நீங்களும் என் வேதனையைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். வர்ற வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. மேலிடத்துல இருந்து வர்றாங்க. நூறு வீடு, ஒரு வருஷம், ஒரு திருட்டு கிடையாது. அழைப்பிதழ் அச்சடிச்சாச்சு. இப்ப ஒரு திருட்டுன்னு நான் எழுதினா என்ன ஆகும்? மத்த தொண்ணூத்தொன்பது குடும்பமும் நிம்மதியாத் தூங்குமா? ஒருத்தர் பொருளுக்காகத் தொண்ணூத்தொன்பது பேர் தூக்கத்தைப் பறிக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

பல்செட்காரருக்கு ஒரு நொடி அந்தத் தொண்ணூற்றொன்பது குடும்பங்களின் மேல் இரக்கம் வந்துவிட்டது.

"அதனால முதல்ல இது திருட்டுதானான்னு பாத்துடுவோம்" என்று சொல்லி, போன பொருட்களைக் கேட்டு ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டார் தலைவர். "திருட்டுன்னா என்ன? இருந்த பொருள் இல்லாமப் போறது. இல்லைங்கிறது தெரியுது. இருந்துச்சான்னு பாக்கணும். தையல் மெஷின் இருந்துச்சுங்கிறதுக்கு ரசீது இருக்கா?"

"அலமாரியில இருந்துச்சுங்க."

"அலமாரி?"

"அதையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப அலமாரி இருந்ததுக்கு ரசீது?"

"அதுவும் அலமாரியிலதான்."

தலைவர் வருத்தத்தோடு தலையை ஆட்டி இரண்டு வரியை அடித்தார்.

"சார், இவரு பதிவேட்டுலயே இருக்கே, தையல் மெஷினைப் பிடிச்சுக் கொடுத்தேன்னு!"

"அந்த மெஷின் வீட்டை விட்டு வெளிய வந்ததுன்னுதான் இருக்கு. உங்களோடதுன்னு எங்க இருக்கு?"

"படிவத்துல எல்லாம் எழுதிக் கொடுத்தோமே!" என்றாள் மனைவி. "எந்தத் தட்டு, எந்த மூலைன்னு."

"கொடுத்தீங்கம்மா. அது இப்ப இரும்புப் பெட்டியில இருக்கு. ரகசிய ஆவணம். தப்பித்தவறித் திருடங்க கண்ணுல பட்டுடக் கூடாதே? அதை யாரும் பிரிக்க முடியாது."

"எழுதினதே நாங்கதானே?"

"எழுதுறவரைக்கும் உங்களோடது. கொடுத்தப்புறம் எங்க ரகசியம்." தலைவர் மிகக் கனிவோடு சொன்னார். "ஒரே ஒரு வழி இருக்கு. அந்தப் பொருள் உங்க வீட்ல இருந்ததை நேர்ல பாத்த அரசு ஊழியர் யாராவது சாட்சி சொன்னா நான் ஏத்துக்குவேன். ஒரு பொருள் நிரூபணம் ஆனாலும் போதும், திருட்டுன்னு எழுதிடுவேன். விழா நின்னாலும் பரவாயில்லை. நான் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவன்."

மனைவியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "எங்க அண்ணனே இங்கதான் இருக்கான் சார். அப்பா கடிகாரத்தை எழுதிக் கொடுத்ததே அவன்தான். கூப்பிடுங்க."

அண்ணன் வந்தார். அவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பது நடையிலேயே தெரிந்தது. தங்கையின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார் என்று பல்செட்காரர் எதிர்பார்த்தார். அவர் தலைவரின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இந்த அம்மா வீட்ல ஒரு கைக்கடிகாரம் இருந்ததா சொல்றாங்க. நீங்க பாத்திருக்கீங்களா?" என்று தலைவர் கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "யோசிச்சுச் சொல்லுங்க. இன்னைக்குத்தான் உங்க பதவி உயர்வுக் கோப்பு என் மேசைக்கு வந்திருக்கு. அதையும் இதையும் சம்பந்தப்படுத்த வேணாம். நான் ஒரு நாளும் அப்படிப்பட்டவன் இல்லை."

அண்ணன் மேசையில் இருந்த மைப்பெட்டியைப் பார்த்தார். அதன் மூடியைத் திறந்தார், மூடினார்.

"ஞாபகம் இல்லை சார்."

தங்கைக்குக் காதில் விழவில்லை என்றே தோன்றியது. சிரித்தாள். "என்ன அண்ணா, அப்பா கடிகாரம். நீ இந்த வேலைக்கு இண்டர்வியூ போனப்ப கட்டிட்டுப் போனியே? பட்டை பெரிசா இருக்குன்னு முந்தின நாள் நான் ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டுக் கொடுத்தேனே? விரல்ல சுட்டுக்கிட்டேன்னு நீதானே எண்ணெய் தடவினே?"

அண்ணன் மைப்பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"நான் பஸ் ஸ்டாண்டு கடிகாரத்துல மணி பாத்துக்கிட்டேன் சார்" என்றார் அண்ணன். தங்கையிடம் அல்ல, தலைவரிடம். "எங்கப்பாகிட்ட கடிகாரம் இருந்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை."

"பதிவு பண்ணிக்கோங்க" என்றார் தலைவர்.

பல்செட்காரர் மனைவியின் வாயைப் பார்த்தார். ஆயிரம் வாய்களைப் பார்த்தவர் அவர். பல் எல்லாம் போய் உள்ளே மடிந்த வாய்களைத் தினமும் பார்க்கிறவர். ஆனால் முப்பத்திரண்டு பல்லும் இருந்தே ஒரு வாய் அப்படி உள்ளே விழுந்து அவர் பார்த்ததில்லை.

கடைசிப் பொருளையும் அடித்துவிட்டுத் தலைவர் ஒரு தாளைப் பல்செட்காரர் பக்கம் நகர்த்தினார். 'எங்கள் வீட்டிலிருந்து பொருள் எதுவும் களவு போகவில்லை என்று மனப்பூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.'

"கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சிடும். போடலைன்னா பொய்ப் புகார்னு ஆயிடும், அப்புறம் அது என் கையில இல்லை. பேத்தி பிறந்திருக்காளாமே? சந்தோஷம். இந்த நேரத்துல கோர்ட்டு, கேஸுன்னு எதுக்கு அலைச்சல்?"

பல்செட்காரர் மனைவியைப் பார்க்கவில்லை. பார்த்தால் போட முடியாது என்று தெரிந்ததால் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார். வழக்கமாக அவர் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுப்பார். அன்று இழுக்கவில்லை. அவருடைய எதிர்ப்பு அவ்வளவுதான்.

டீ அப்போதுதான் வந்தது. ஆறியிருந்தது.

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். பல் மருத்துவமனையின் பின்கட்டில், சன்னல் இல்லாத ஓர் அறையில் அவருடைய பட்டறை. மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தபோது மச்சான் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"மாப்ளே, என்மேல கோபமா?"

பல்செட்காரர் மெழுகைச் சுரண்டினார்.

"பதினெட்டு வருஷமாப் படிவம் எடுத்துக் கொடுக்கிறேன். எனக்குப் பின்னால வந்தவனெல்லாம் எனக்கு மேல உக்காந்திருக்கான். ஒரே ஒரு தடவை வந்த வாய்ப்பு. போன கடிகாரம் போனதுதானே? நான் ஆமான்னு சொல்லியிருந்தா மட்டும் திரும்பி வந்திருக்குமா? சொல்லுங்க. அவளுக்கு வேற கடிகாரம் வாங்கித் தர்றேன். புதுசு. பேட்டரி போட்டது."

"அவகிட்ட சொல்லுங்க."

"அவ கதவைத் திறக்க மாட்டேங்கிறா." பிறகு மச்சான் வந்த காரியத்தைச் சொன்னார். "வெள்ளிக்கிழமை விழாவுக்கு நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும். நூறாவது வீடு உங்களோடது. மேடையில கேடயம் கொடுக்கிறாங்க. தங்கச்சி நாலு வார்த்தை நன்றி சொன்னாப் போதும். நீங்க வரலைன்னா எனக்கு அசிங்கமாப் போயிடும் மாப்ளே."

வீட்டுக்கு வந்தபோது மனைவி கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து சின்னங்களைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்குக் கொடுத்த வாக்கு. மிதிக்க இயந்திரம் இல்லாமலே அவள் வலது கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

அவர் எதிரே உட்கார்ந்தார். "நான் கையெழுத்துப் போட்டது தப்பு."

"தப்புதான்" என்றாள். ஒரு சின்னத்தை முடித்து எடுத்துவைத்தாள். "ஆனா நீங்க பயந்தீங்க. பயந்து பண்ணினது. அவன் பயப்படலைங்க. அந்த மைப்பெட்டியைத் திறந்து மூடினானே, அப்ப அவன் கணக்குப் போட்டான். பஸ் ஸ்டாண்டு கடிகாரம்னு சொல்லணும்னு யோசிச்சு வச்சுக்கிட்டு வந்திருக்கான். எனக்கு அதுதான் ஆறலை."

"விழாவுக்கு வேற கூப்பிடறான். முடியாதுன்னு சொல்லிடறேன்."

"ஏன்? போகலாம்" என்றாள்.

விழா காலை பத்து மணிக்கு. மண்டபம் நிரம்பியிருந்தது. நூறு குடும்பங்களுக்கும் எண் போட்ட நாற்காலிகள். மேலிடத்துப் பெரியவர் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார். மச்சான் புதுச் சட்டையில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிவுத் தலைவர் உரையாற்றினார்.

"நூறு வீடுகள். ஓராண்டு. திருட்டுகள் எத்தனை? சைபர். சிலர் கேட்கலாம், புகாரே வரவில்லையா என்று. வந்தன. நான் எதையும் மறைக்கிறவன் அல்ல. முப்பத்தேழு புகார்கள் வந்தன. முப்பத்தேழையும் நேர்மையாக விசாரித்தோம். முப்பத்தேழு வீட்டிலும் எந்தப் பொருளும் இருந்ததே இல்லை என்பதைக் கண்டுபிடித்தோம்! மக்கள் எவ்வளவு எளிமையாக வாழ்கிறார்கள் என்பதை இந்த நாட்டுக்கு முதன்முதலில் எடுத்துக்காட்டியது நம்முடைய பிரிவுதான். திருடர்களுக்கும் இதன்மூலம் ஒரு பாடம் புகட்டியிருக்கிறோம். இல்லாததைத் திருடி அவர்கள் ஏமாந்துபோனார்கள்!"

கைத்தட்டல் எழுந்தது. பல்செட்காரர் சுற்றிலும் பார்த்தார். எல்லா வரிசையிலும் சிலர் தட்டாமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வரிசையில் தான் செய்த பல்செட் ஒன்றைக் கண்டார். அதைப் போட்டிருந்த முதியவர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார், சிரிக்கவில்லை. பக்கத்து வரிசையில் ஒரு பெண் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி இருந்தாள். அப்போதுதான் பல்செட்காரருக்கு உறைத்தது. இந்த மண்டபத்தில் தன்னோடு சேர்த்து முப்பத்தேழு பேர் கீழே கோடு இழுக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்.

"நூறாவது வீட்டு அம்மா மேடைக்கு வரவும்" என்று மச்சானின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. தங்கை என்று சொல்லவில்லை.

அவள் நிதானமாகப் படியேறினாள். கேடயத்தை வாங்கிக்கொண்டாள். அண்ணன் ஒலிபெருக்கியை அவள் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தார். "நாலு வார்த்தை போதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். "எங்க வீட்லயிருந்து ஒண்ணும் திருட்டுப் போகலைன்னு என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்கார். அது உண்மைதான். சாமானுங்க இருந்துச்சு, போச்சு, திரும்ப வாங்கிக்கலாம். அதுல ஒண்ணுமில்லை. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். கூடப் பிறந்தவன். அவன் மட்டும் காணாமப் போயிட்டான். அவ்வளவுதான். நன்றி."

மூன்றாம் வரிசை முதியவர் ஒரு முறை கை தட்டினார். கைக்குழந்தைக்காரி தட்டினாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வரிசைகளிலிருந்து தட்டல் கிளம்பியது. மற்றவர்கள் நன்றியுரை முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலமாகத் தட்டினார்கள். மேலிடத்துப் பெரியவரும் தட்டினார். அண்ணன் மட்டும் பட்டியலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மேலிடத்துப் பெரியவர் நெகிழ்ந்துபோயிருந்தார். அவள் கீழே இறங்குமுன் தலைவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். தலைவர் உடனே அவளை நிறுத்தினார். அவருக்கு அந்த அண்ணன் யார் என்று தெரியும், நன்றாகத் தெரியும். ஆனால் பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, காணாமப் போனவங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கு. ஐயா உத்தரவு போட்டுட்டார், இங்கயே மனுவை வாங்கிக்கிறோம்." பிறகு பக்கத்தில் திரும்பி, "ஒரு படிவம் எடுத்துக் கொடுங்க" என்றார்.

படிவம் எடுத்துக் கொடுப்பது பதினெட்டு வருடப் பழக்கம். அண்ணனின் கை தானாகவே பைக்குள் போய் ஒரு தாளை எடுத்து நீட்டியது. அவள் பேனாவுக்காகக் கையை நீட்டினாள். சட்டைப் பையிலிருந்து அதையும் எடுத்துக் கொடுத்தார்.

மேடை ஓரத்து மேசையில் குனிந்து அவள் எழுதினாள். காணாமற்போனவர் பெயர். தகப்பன் பெயர். உறவுமுறை. வயது. கடைசியாகப் பார்த்த இடம் என்ற இடத்தில், 'எங்கள் வீட்டுக் கூடம், ஞாயிற்றுக்கிழமை காலை' என்று எழுதினாள். எழுதி முடித்து, தன் கையெழுத்தைப் போட்டாள். அண்ணன் இரண்டு முழத் தூரத்தில் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா..." என்று ஆரம்பித்தார்.

தலைவர் தாளை வாங்கி முத்திரை குத்தினார். பெரியவர் காதில் விழும்படி உரக்கச் சொன்னார்.

"கவலைப்படாதீங்கம்மா. எங்க இருந்தாலும் தேடிக் கண்டுபிடிச்சு உங்க முன்னால கொண்டுவந்து நிறுத்திடுவோம்."

அவள் கேடயத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கணவர் உட்கார்ந்திருந்த பக்கமாக நடந்தாள். இரண்டு படி இறங்கித் திரும்பினாள்.

"தேட வேணாம்யா" என்றாள். "பதிவு மட்டும் பண்ணிக்கிட்டாப் போதும்."